பச்சை கலந்த கல்

“ப்ளூதான் மேடம் ஒரிஜினல். இதுல பச்சை கலந்திருக்கு, அதனாலதான் ரேட் கம்மி.”

கமர்ஷியல் தெருவில் ஒரு கடையில் கேட்ட இந்தப் பேச்சு இன்றுவரை என்னை விடவில்லை. சொன்னவர் ஏமாற்றும் எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்கள் சொல்லிக் கொடுத்ததை அவர் என்னிடம் சொன்னார். பெங்களூரில் நான் ஏறி இறங்கிய கடைகளில் பெரும்பாலும் இதே கருத்துதான். பேச்சு அக்வாமரின் என்ற ரத்தினக்கல்லைப் பற்றியது. அக்வாமரின் என்றால் நீலம். நீலம் அடர அடர உயர்வு. பச்சை தெரிந்தால் குறை. விலையைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் நான் மறந்திருப்பேன். எந்த நிறத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது சந்தையின் விருப்பம். ஆனால் நீலம் அசல், பச்சை கலப்பு என்று சொன்னதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் நடப்பது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறு.

கடைக்குப் போன காரணம் அக்கா மகள். படிப்பு முடிந்ததிலிருந்து அல்சூரில் என்னோடுதான் இருக்கிறாள். காங்கயத்தில் கல்யாணம் என்று முடிவானதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: வரவேற்புக்குப் போட ஒரு அக்வாமரின் மோதிரம். “வைரம் வேண்டாம் சித்தி. சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் அம்மாவோட நகையிலயே இருக்கு. எனக்குத் தெளிஞ்ச கல்லா ஒண்ணு வேணும், உள்ள பார்த்தா அடி வரைக்கும் தெரியணும்.” அவள் பிறந்தது மார்ச் மாதம். மார்ச்சுக்கு அக்வாமரின் என்ற பட்டியல் 1912-ல் அமெரிக்க நகை வணிகர்கள் கூடி வகுத்தது என்று சொன்னேன். அதனால் அவள் ஆசை குறையவில்லை, குறைய வேண்டியதும் இல்லை. அக்கா வழக்கம்போல் ஜோசியரைக் கேட்டாள். நவரத்தினத்தில் இது இல்லை, நல்லதும் செய்யாது கெட்டதும் செய்யாது, பிடித்தால் போடட்டும் என்றாராம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரு கல்லை அதன் அழகுக்காக மட்டுமே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நம் வீடுகளில் அபூர்வம். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

கடையில் வெல்வெட் தட்டில் வைத்துக் காட்டினார்கள். எல்லாம் நீலம், வெளிர் நீலத்திலிருந்து சற்றே அழுத்தமான நீலம் வரை வரிசையாக. மூலையில் ஒரு எண்கோணக் கல் மட்டும் தனியாகக் கிடந்தது. மற்றவற்றைவிடப் பெரியது, கண்ணுக்கு ஒரு கீறல்கூடத் தெரியாத தெளிவு. ஆழத்தில் ஒரு பசுமை. அவள் கை நேராக அதற்குத்தான் போனது. அப்போதுதான் கடைக்காரர் அந்த வார்த்தையைச் சொன்னார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். பிடித்த கல்லைக் குறையுள்ள கல் என்று கேட்டதும் ஒரு பெண்ணின் முகத்தில் வருகிற மாற்றத்தை நான் பார்த்தேன். இதை எழுதுவதற்கு அந்த முகமும் ஒரு காரணம்.

நெருப்பு செய்யும் வேலை

மரகதமும் அக்வாமரினும் ஒரே கனிமம், பெரில். பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்து ஆறுபட்டைப் படிகமாக வளர்வது. சுத்தமாக வளர்ந்தால் நிறமே இருக்காது. குரோமியமோ வனேடியமோ துளியளவு புகுந்தால் மரகதம். மாங்கனீசு புகுந்தால் இளஞ்சிவப்பான மார்கனைட். இரும்பு புகுந்தால் அக்வாமரின். இந்த இரும்பு படிகத்துக்குள் இரண்டு நிலைகளில் உட்காரும். ஃபெரஸ் இரும்பு நீலத்துக்கு அடிப்படை. ஃபெரிக் இரும்பு மஞ்சள் தரும். பூமிக்குள்ளிருந்து வருகிற பல கற்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் கண்ணுக்குப் பச்சை கலந்த நீலம். அதாவது அக்வாமரின் பெரும்பாலும் பிறப்பதே இந்தப் பசுமையோடுதான்.

அப்படியானால் தட்டில் இருந்த அத்தனை நீலமும் எங்கிருந்து வந்தது? பச்சை கலந்த கல்லை 400 முதல் 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் மெதுவாக ஏற்றி இறக்கினால் மஞ்சள் தருகிற ஃபெரிக் இரும்பு ஃபெரஸாக மாறிவிடுகிறது. மஞ்சள் போய்விடும், நீலம் தனியாக நிற்கும். ஒருமுறை போன மஞ்சள் வெயிலிலோ விளக்கிலோ திரும்பி வராது. இந்தச் சூட்டு வேலை ரொம்ப காலமாக எல்லா நாட்டிலும் நடப்பது. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பிரேசிலோ, நைஜீரியாவோ, மடகாஸ்கரோ, எந்த ஊர்க் கல்லாக இருந்தாலும் கடைக்கு வரும் நீலத்தில் பெரும்பங்கு அடுப்பைப் பார்த்து வந்ததுதான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கல்லுக்குக் கேடு இல்லை, வெளியிலிருந்து எதையும் சேர்க்கவில்லை, கண்ணாடி நிரப்பவில்லை, சாயம் ஏற்றவில்லை. புழுங்கல் அரிசி சாப்பிடுகிற வீட்டில் பிறந்தவள் நான். நெல்லை அவித்தது மோசடி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் புழுங்கலைக் காட்டி இதுதான் அசல், பச்சரிசி கலப்படம் என்று ஒருவர் சொன்னால் சும்மா இருக்க முடியுமா?

இயற்கையிலேயே ஆழ்ந்த நீலமாக, நெருப்பே தேவைப்படாமல் கிடைத்த கற்களும் உண்டு. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் சாந்தா மரியா டி இட்டாபிரா என்ற ஊர்ப் பக்கம் கிடைத்தவை அந்த நிறத்துக்குப் பேர் பெற்றவை. பிறகு மொசாம்பிக்கில் அதே நிறத்தில் கிடைத்தபோது சாந்தா மரியா ஆஃப்ரிக்கானா என்று பெயர் வைத்தார்கள். இன்று ஊர்ப்பெயர் நிறப்பெயராகி, எந்தச் சுரங்கத்திலிருந்து வந்த அழுத்தமான நீலத்தையும் சாந்தா மரியா என்றே விற்கிறார்கள். அந்த அபூர்வமான நீலம் ஓர் உச்சமாக நின்றுவிட்டது. மற்ற கற்களையெல்லாம் அடுப்பில் ஏற்றி அதை நோக்கித் தள்ளுகிறார்கள். அந்த அளவுகோலால்தான் பச்சை குறையாகிப் போனது.

இரண்டு சதுரங்கள்

என் தோழி ஒருத்தி ரத்தினக்கல் பரிசோதனை படித்துவிட்டு ஜெயநகரில் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். முன்பணம் கட்டிவிட்டு, சோதித்துப் பார்த்துத் தருகிறோம் என்று கேட்டதற்குக் கடைக்காரர் மறுக்கவில்லை. தட்டிலிருந்த நல்ல நீலக் கல் ஒன்றையும் அந்த எண்கோணக் கல்லையும் காகிதத்தில் மடித்துத் தந்தார். மறுநாள் நானும் அக்கா மகளும் தோழியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

முதலில் ரிஃப்ராக்டோமீட்டர். கல்லின் தட்டையான முகத்தை ஒரு துளி திரவத்தின் மேல் வைத்து, ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்க்கிற கருவி. நீலக் கல் 1.577, 1.583. பச்சை கலந்த கல்லும் அதே. பெரிலுக்கு உரிய எண் அது. அக்வாமரின்போலவே தெரிகிற மலிவான நீல டோபாஸ் கல்லாக இருந்தால் 1.61-ஐத் தாண்டியிருக்கும். “ரெண்டும் அக்வாமரின்தான். மெஷினுக்கு வித்தியாசமே தெரியல” என்றாள் தோழி. அசல், கலப்பு என்ற பேச்சுக்கு அந்த மேசையில் இடமே இல்லாமல் போனது.

பிறகு அவள் விரல் நீளத்தில் ஒரு குழாயை எடுத்தாள். டைக்ரோஸ்கோப். அக்வாமரினுக்குள் போகிற ஒளி இரண்டாகப் பிரிந்து செல்லும். ஒவ்வொரு பிரிவும் தனி நிறம் காட்டும். சாதாரணமாகப் பார்க்கும்போது நம் கண் இரண்டையும் குழைத்து ஒரே நிறமாக வாங்கிக்கொள்கிறது. இந்தக் குழாய் அவற்றைப் பிரித்துப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு சதுரங்களாகக் காட்டுகிறது. நீலக் கல்லை வைத்துப் பார்த்தேன். ஒரு சதுரம் நீலம், இன்னொன்று நிறமே இல்லாதது என்று சொல்லுமளவு வெளிறியது. பிறகு எண்கோணக் கல். ஒரு சதுரம் நீலம். இன்னொன்று மஞ்சள் படர்ந்த இளம்பச்சை.

நான் குழாயைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. கல்லை மாற்றி மாற்றி வைத்து அந்த நீலச் சதுரங்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பச்சைக் கல்லின் நீலம் எந்த விதத்திலும் இளைத்ததாக இல்லை. இத்தனை நாள் பச்சை என்றால் நீலம் குறைந்துவிட்டது, ஏதோ வந்து கலங்கிவிட்டது என்ற எண்ணம் எனக்குள்ளும் எங்கோ இருந்திருக்க வேண்டும். அது அந்த இடத்தில் கழன்று விழுந்தது. நீலம் முழுதாக இருக்கிறது, அதன் பக்கத்தில் இன்னொரு நிறமும் இருக்கிறது. அடுப்பு புதிதாக நீலம் கொடுப்பதில்லை, பக்கத்தில் இருந்ததை எடுத்துவிடுகிறது. அக்கா மகள் பார்த்துவிட்டு, “இதுல ரெண்டு கலர் இருக்கு சித்தி, அதுல ஒண்ணுதான் இருக்கு” என்றாள். அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

கடைசியாக, எந்தக் கல் சூடு பட்டது என்று சான்றிதழில் எழுத முடியுமா என்று தோழியைக் கேட்டேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். மாணிக்கமோ சஃபையர் எனும் நீலக்கல்லோ ஆயிரம் டிகிரியைத் தாண்டி வெந்தால் உள்ளே இருக்கிற நுண்ணிய ஊசிகள் உருகிக் கலைந்திருக்கும், அதைப் பார்த்துச் சொல்லலாம். அக்வாமரினுக்குக் கொடுக்கிற சூடு அவ்வளவு குறைவு. பெரும்பாலும் எந்தத் தடயமும் மிஞ்சாது. “நீலத்தைப் பத்தி என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. பூமியிலேயே அப்படி இருந்திருக்கலாம், அடுப்புல ஆனதாகவும் இருக்கலாம். இதோ, இந்தப் பச்சைக்கு மட்டும்தான் சுடாம இருக்க நல்ல வாய்ப்பு இருக்குன்னு சொல்லலாம். சுட்டிருந்தா இந்த மஞ்சள் போயிருக்கணும்.”

பெரிய ஆய்வகத்துக் கருவிகளாலும் சொல்ல முடியாத ஒன்றை அந்தப் பசுமை தானே சொல்கிறது. நெருப்புப் படாத கல்தான் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், நீலக் கல்லுக்கு விற்பவரின் வாய்ச்சொல் மட்டுமே சாட்சி. பச்சை கலந்த கல்லுக்கு அதன் நிறமே சாட்சி. அந்தச் சாட்சிக்குத்தான் சந்தை விலையைக் குறைக்கிறது. மாணிக்கம், சஃபையர் போன்ற கற்களில் சூடு படாதது என்றால் விலை எகிறும். மாணிக்கம் விற்கிறவர்கள் அதைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அக்வாமரினில் இது தலைகீழ். இது எனக்குச் சரியாகப் படவில்லை. இனியும் படாது.

காங்கயத்துக் காடு

எங்கள் அப்புச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தாவின், தோட்டம் காங்கயத்துக்குப் பக்கம். மானாவாரிக் காட்டில் உழவு ஓட்டி, ஒரு மழை பெய்து மண் கழுவிவிட்டால், மறுநாள் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பிள்ளைகளெல்லாம் கல் பொறுக்கப் போவோம். மின்னுகிற எதையும் கொண்டுவந்து அப்புச்சியிடம் கொடுப்போம். அவர் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்து, கல் வாங்க வருகிறவரிடம் காட்டுவார். அதில் எது என்ன கல் என்று எங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் பளிங்காகத்தான் இருந்திருக்கும். ஆனால் மண்ணில் நிறம் இருக்கும், குனிந்து தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு வளர்ந்தோம்.

அந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். காங்கயத்தை அடுத்த படியூரில் பெரில் கிடைத்தது. 1819-20 வாக்கில் ஓர் ஆங்கிலேயர் அங்கே தோண்டி அக்வாமரின் எடுத்தது பதிவில் இருக்கிறது. அதற்கும் வெகு முன்னால், ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே, நொய்யல் கரையில் சென்னிமலைப் பக்கம் இருக்கிற கொடுமணலில் கல்மணி செய்யும் பட்டறைகள் இருந்தன. பதிற்றுப்பத்தில் அருங்கலத்துக்குப் பேர்போன ஊராக வரும் கொடுமணம் இதுதான் என்று கொள்கிறார்கள். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் பெரில், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம் எல்லாம் கிடைத்தன. மணியாகி முடிந்தவை, துளையிடும்போது பாதியில் விட்டவை, வெட்டாத மூலக்கற்கள் என எல்லா நிலையிலும். கோயம்புத்தூர், கரூர்ப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்ததற்கு இந்தக் கல் வியாபாரமும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

அதே காலத்தில் ரோமில் இருந்த எழுத்தாளர் ப்ளினி, கற்களைப் பற்றி எழுதும்போது பெரில் இந்தியாவில் விளைவது, வேறிடங்களில் அபூர்வம் என்கிறார். எல்லாவற்றிலும் உயர்ந்தது எது என்றும் சொல்கிறார்: தூய கடலின் பசுமையை ஒத்திருப்பது. நீலத்தை அவர் முதலில் வைக்கவில்லை. இன்று கமர்ஷியல் தெருவில் மூலையில் ஒதுக்கிக் கிடக்கிற நிறம், அன்று கப்பல் ஏறிப்போய்த் தங்கமாகத் திரும்பி வந்த நிறம். அதே இடத்தில் அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: பளிங்குக்குச் சாயம் ஏற்றி, குறிப்பாகப் பெரிலைப் போலச் செய்து ஏமாற்றும் வித்தையை இந்தியர்கள் கண்டுபிடித்திருக்கிறார்களாம். வாங்குகிறவன் விழித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது இரண்டாயிரம் வருடமாக மாறவில்லை. எது மேலானது என்ற தீர்ப்பு மட்டும் மாறிவிட்டது. தீர்ப்பு ஒருமுறை மாறியது என்றால் இன்னொரு முறையும் மாறலாம். எனக்கு அதில்தான் நம்பிக்கை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுவிட்டு, எங்கள் ஊர்க் கல்லே வாங்கித் தர முடியுமா என்று உறவுக்காரர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இன்று கடைக்கு வருகிற அக்வாமரின் பெரும்பாலும் பிரேசில், ஆப்பிரிக்க நாடுகள், பாகிஸ்தானின் வடக்கு மலைகள் இவற்றிலிருந்து வருவது. காங்கயம் கல் என்று கூடுதல் விலை சொன்னால், அதை எதை வைத்து நிரூபிப்பீர்கள் என்று கேளுங்கள். ஊர்ப்பாசத்துக்காகக் காசு கொடுப்பதானால் தெரிந்தே கொடுங்கள்.

மோதிரமான கதை

எண்கோணக் கல்லைத்தான் எடுத்தோம். அதே எடை நீலக் கல்லுக்குச் சொன்ன விலையைவிடக் கணிசமாகக் குறைவு. வாங்குவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, கடையின் மஞ்சள் விளக்கில் ஒருமுறை, வெள்ளை எல்.இ.டி.யில் ஒருமுறை என்று பார்த்தோம். நகைக்கடை விளக்கை நம்பி இந்தக் கல்லை வாங்கவே கூடாது. வாசலுக்கு வந்து, வெயில் நேரடியாக விழாத நிழலில், வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மஞ்சள் விளக்கில் பச்சை கூடுதலாகத் தெரியும், வெள்ளை விளக்கில் நீலம் தூக்கலாகத் தெரியும். வரவேற்பு மேடையில் எந்த விளக்கு, அன்றாடம் போகும் அலுவலகத்தில் எந்த விளக்கு என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். அக்கா மகளுக்கு இரண்டும் பிடித்தது.

இந்தக் கல்லில் தெளிவுக்குச் சமரசம் தேவையில்லை. மரகதத்தில் உள்ளே பாசிபோல இருப்பதைப் பொறுத்துக்கொள்கிறோம், அது அதன் இயல்பு. அக்வாமரின் பெரிய படிகங்களாக, சுத்தமாக வளர்வது. 1910-ல் பிரேசிலின் மராம்பாயாவில் கிடைத்த ஒன்று ஏறத்தாழ 110 கிலோ. ஆகவே கண்ணுக்குத் தெரிகிற வெடிப்போ புகையோ இருந்தால் வேறு கல் காட்டச் சொல்லலாம், அதற்காகத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் நிறத்துக்கு அளவு வேண்டும். ஒளி கல்லுக்குள் எவ்வளவு தூரம் போய் வருகிறதோ அவ்வளவுக்கு நிறம் சேரும். அரை கேரட்டில் பெரும்பாலான அக்வாமரின் வெளிறித்தான் இருக்கும். சிறு கற்களைக் கோத்த கம்மலில் நிறம் தேடி ஏமாற வேண்டாம். ஒற்றைக் கல்லாக, இரண்டு மூன்று கேரட்டுக்கு மேல் எடுத்தால்தான் அது பேசும். நீள்சதுரமாகவோ எண்கோணமாகவோ வெட்டிய கற்கள் அதிகம் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. படிகம் நீளவாக்கில் வளர்கிறது. மேல்முகத்தை அந்த நீளத்துக்கு இணையாக வைத்து வெட்டினால்தான் அந்த நீலச் சதுரம் மேலே வரும். குறுக்கே வெட்டினால் வெளிறிப்போகும். வெட்டியவர் அதை அறிந்து வெட்டியிருக்கிறாரா என்பது மேலிருந்து பார்த்தாலே தெரியும். நடுவில் ஜன்னல்போல வெறுமையாக இருந்து, கீழே வைத்த எழுத்து படிக்க முடிந்தால் எடுக்காதீர்கள்.

நீல டோபாஸை அக்வாமரின் என்று கொடுப்பது எங்கும் நடக்கிறது, அதிலும் வெள்ளி நகையில் அதிகம். நிறமில்லாத டோபாஸைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திச் சூடாக்கி நீலமாக்குகிறார்கள். அதுவும் நல்ல கல்தான், ஆனால் விலை பல மடங்கு குறைவு. ஒரே அளவுள்ள இரண்டை எடை போட்டால் டோபாஸ் ஏறத்தாழ 30 விழுக்காடு கனமாக இருக்கும். அதன் நீலம் பெரும்பாலும் பச்சையின் நிழல்கூட இல்லாமல் இருக்கும். இங்கேயும் பச்சை நமக்கு ஒரு துணை. ஆனால் அதை மட்டும் நம்பிவிடாமல், நல்ல விலை கொடுப்பதானால் ஆய்வகச் சீட்டு கேளுங்கள். கல் என்ன என்பதை அது உறுதியாகச் சொல்லும்.

கல் பதிக்க நகரத்பேட்டையில் ஓர் ஆசாரியிடம் போனோம். வயதானவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அடியில தாள் வெச்சு மூடிக் கட்டிடட்டுமா அம்மா? கலர் ஏறித் தெரியும்” என்று கேட்டார். பழைய நகைகளில் அப்படித்தான் செய்வார்கள், கெம்புக்கு அது அழகும்கூட. இந்தக் கல்லுக்கு வேண்டாம் அண்ணா, அடி திறந்தே இருக்கட்டும், வெளிச்சம் உள்ளே போய் வரட்டும் என்றேன். அவர் கல்லை இன்னொரு முறை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்து, “ஆமா, இதுக்குத் தாள் வெச்சா பாவம்” என்றார். அப்போதிருந்து அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

தங்கத்தில்தான் சண்டை வந்தது. 22 காரட் மென்மையானது. கல்லைப் பிடிக்கிற நகங்கள் நாளடைவில் தளரும். நாலு நகம் வைத்து உயர்த்திக் கட்டுவதானால் 18 காரட் நல்லது. அக்கா போனில் பதறினாள். “ஏங்கண்ணு, பதினெட்டுல செஞ்சா நாளைக்கு மாத்தப் போனா என்ன வரும்? சம்பந்தி வீட்டுல கேக்க மாட்டாங்களா?” மாற்றப் போவதற்காகச் செய்கிற மோதிரம் இல்லை இது என்று நான் சொல்ல, அக்கா மகளே போனை வாங்கி, “நான் மாத்தவே மாட்டேம்மா” என்றாள். 18 காரட், 750 முத்திரை, மஞ்சள் தங்கம். கடைகளில் அக்வாமரின் என்றாலே வெள்ளைத் தங்கத்தில் வைக்கிறார்கள்; நீலத்துக்கு அது சரி. பச்சை கலந்த கல்லுக்கு மஞ்சள் தங்கம்தான் பொருந்துகிறது, உள்ளே இருக்கிற மஞ்சள் வெளியே இருக்கிற மஞ்சளை அடையாளம் கண்டுகொள்கிறது. பில் போடும்போது கல் எடையைக் கழித்துத் தங்கத்தின் நிகர எடைக்கு மட்டும் காசு வாங்கினார்களா என்று பார்த்தோம். ஒரு கேரட் 0.2 கிராம்; தங்கம் விற்கிற விலையில் அதைக் கவனிக்காமல் விட முடியாது.

போடுவதில் பெரிய பத்தியம் எதுவும் இல்லை. கடினம் 7.5 முதல் 8 வரை, அன்றாடம் போடலாம். இளஞ்சூட்டு வெந்நீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய பிரஷ், அவ்வளவே. வெயிலில் நிறம் வெளுக்காது. மாஷிஷ் என்ற அடர்நீலப் பெரில் ஒன்றுதான் வெளிச்சத்தில் வெளுப்பது. அக்வாமரின் என்று நினைக்க முடியாத அளவு கரும் நீலத்தை யாராவது மலிவாகக் காட்டினால் அதை நினைவில் வையுங்கள்.

மோதிரத்தை வாங்கிக்கொண்டு, முன்பணம் கட்டிய கடைக்கே மீண்டும் போய் நீலக் கல்லைத் திருப்பிக் கொடுத்தோம். டைக்ரோஸ்கோப்பில் பார்த்ததை அந்தக் கடைக்காரரிடம் சொன்னேன். அக்கறையோடுதான் கேட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பத்துப் பன்னிரண்டு கற்கள், எல்லாமே பச்சை கலந்தவை, ஒன்றிரண்டு முழுக்கவே இளம்பச்சை. “கேட்கிறவங்க இல்லை மேடம். அதனால வெளிய வைக்கிறதில்லை. அடுத்த தடவை ஜெய்ப்பூர் போறப்ப சூடு போடக் கொடுக்கலாம்னு வெச்சிருக்கேன்.”

கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். இந்தப் பொட்டலத்தை அந்தத் தட்டிலேயே நீலத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், கலப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள், சூடு போடாத நிறம் இது, நீலம் பெரும்பாலும் சூடு போட்டது என்று இரண்டையும் உள்ளபடி சொல்லுங்கள், பில்லிலும் எழுதுங்கள், வாங்குகிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும் என்று கேட்டுக்கொண்டேன். செய்வதாகச் சொன்னார். அந்தப் பொட்டலத்திலிருந்து அக்காவுக்கு ஒரு டாலருக்கு நீள்சதுரக் கல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், அஞ்சு கேரட்டுக்குக் கொஞ்சம் மேலே. இந்த முறை 22 காரட்தான், சுற்றிலும் விளிம்பு மடக்கிக் கட்டினால் அது தாங்கும் என்று ஆசாரி சொல்லிவிட்டார்.